அறுபத்தொன்றாம் கொக்கி

எங்கள் வீட்டு அலமாரியில் கம்பியால் செய்த ஒரு யானை, இரண்டு மீன்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதன், மூன்றே கால் உள்ள ஒரு நாற்காலி என்று ஆயிரத்துச்சொச்சம் உருப்படிகள் இருக்கின்றன. எல்லாம் அண்ணன் முறுக்கியவை. எல்லாம் நூற்றெண்பது டிகிரி சூட்டில் இருபது நிமிடம் வெந்து நிறம் பிடித்தவை. சுத்தியலால் அடித்தாலொழிய பெயின்ட் போகாது. ஆயிரம் வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுத்தால், இந்த வீட்டில் சிவப்பு யானையைக் கும்பிட்ட ஒரு கூட்டம் இருந்தது என்று எழுதிவைப்பார்கள். மறுத்துச் சொல்ல நாங்கள் இருக்க மாட்டோம்.

அண்ணனும் அண்ணியும் ஒரே தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்த்தார்கள். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கிற கம்பித் தட்டு செய்யும் லைன். தலைக்கு மேலே ஒரு சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் இருநூற்றிருபது கொக்கிகள். இந்த முனையில் நின்று அண்ணன் வெறும் தட்டை மாட்டுவான். அது பெயின்ட் பவுடர் தெளிக்கும் கூண்டுக்குள் போய், அடுப்புக்குள் போய், வெளியே வந்து ஆறி, சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி நிற்கும் முனைக்கு வந்து சேரும். அவள் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவாள். அண்ணன் கையை விட்ட தட்டு அண்ணி கைக்கு வர நாற்பது நிமிடம். கல்யாணமாகி ஆறு வருஷம், தினமும் எட்டு மணி நேரம், இருவரும் பேசிக்கொண்டது இந்த வழியாகத்தான்.

தினமும் பத்து மணிச் சுற்றில் அண்ணன் ஒரு கொக்கியில் தட்டுக்குப் பதிலாக வெட்டி மிஞ்சின கம்பியில் ஏதாவது ஒன்றை முறுக்கித் தொங்கவிடுவான். அன்றைக்கு லைனில் என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் அது அண்ணியிடம் போய்ச் சேரும். அந்தக் கொக்கியின் எண் அறுபத்தொன்று. மற்ற கொக்கிகளில் எண் தகடு விழுந்துவிட்டது, அதில் மட்டும் விழவில்லை. காதலுக்கு வேறு விசேஷக் காரணம் எதுவும் கிடையாது.

நான் அங்கே ப்ராஜெக்ட் செய்வதற்கு எட்டு மாதம் முன்னால் ஒரு நாள் அண்ணன் அனுப்பியது வந்து சேரவில்லை. சரியாக மாட்டாததால் அடுப்புக்குள் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி கேலியாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஆறு வருஷமா கம்பி முறுக்குறீங்க, ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல. கட்டத் தெரியாதவரு எதுக்கு அனுப்பணும்?"

அண்ணனுக்கு அன்றைக்கு என்ன மனநிலையோ, முகம் சுருங்கிவிட்டது. "அனுப்பலம்மா. இனிமே அனுப்பல, போதுமா?" என்றான். மறுநாள் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

அன்று பத்து மணிச் சுற்றில் அறுபத்தொன்றாம் கொக்கி வெறுமனே வந்தது. சரி, வீம்பு என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு, அண்ணனோடு தட்டு மாட்டுகிற ஒட்டகம் அண்ணன் சுவரைச் சுற்றி ஓடி வந்தார். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு அந்தக் கழுத்தில் நரம்பெல்லாம் புடைத்திருந்ததாம். "நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான், சீக்கிரம் வாம்மா" என்றார்.

"நடிக்கிறாருண்ணா, விடுங்க" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தட்டைக் கழற்றி அடுக்கினாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

இரண்டு தட்டு கழற்ற எட்டு விநாடி ஆகும். பின்னாளில் நானே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். எட்டு விநாடியில் அண்ணனுக்கு எதுவும் மாறியிருக்காது என்று டாக்டரும் சொன்னார். அண்ணி இரண்டு பேரையும் நம்பவில்லை.

அதன் பிறகு யாரும் சொல்லாமலே அறுபத்தொன்றாம் கொக்கியில் யாரும் தட்டு மாட்டுவதில்லை. அண்ணன் ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் அந்தக் கொக்கியை எடுத்துக்கொண்டான். அவன் போன பிறகு ஒரு நாளில் ஓடும் ஒன்பது சுற்றிலும் அது காலியாக ஓடியது. அது வரும்போதெல்லாம் அண்ணி கையைத் துடைத்துக்கொள்வாளாம். ஒரு விஷயம்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை: அவன் கோபத்தோடேயா போனான்?

எனக்கு அந்தத் தொழிற்சாலையில் கடைசி வருஷ ப்ராஜெக்ட் கிடைத்தது அண்ணன் செத்ததனால்தான். பரிதாபம் என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லை, "பரிந்துரை" என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆறு வாரம். தலைப்பு: "உற்பத்தி லைனில் எரிசக்திச் சிக்கனமும் உற்பத்தித் திறனும்". என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தலைப்பை முழுசாகச் சொல்லத் தெரியாது என்பதால் எல்லோரும் என்னைக் "கரண்ட்டு" என்று கூப்பிட்டார்கள்.

மேனேஜருக்கு முன்பு ஒரு பெயர் இருந்தது. அந்த மாதத்திலிருந்து "எட்டு" என்று ஆகிவிட்டது. ஒரு தட்டுக்கு ஆகும் எரிசக்தியை எட்டு சதவீதம் குறைக்காவிட்டால் இந்த லைனை நிறுத்திவிட்டு, வேறு ஊரில் இருக்கும் புது லைனில் எல்லாவற்றையும் செய்துகொள்வது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. லைன் நின்றால் முப்பத்தெட்டுப் பேர் வீட்டுக்கு. அதில் அண்ணியும் ஒருத்தி. எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்.

"எட்டுன்னா எட்டுப்பா. ஏழே முக்கால்னு எங்கிட்ட வராதே" என்றார் மேனேஜர் முதல் நாளே.

"வரமாட்டேன் சார். ஏழே முக்கால்ல நின்னா ஃபோன் பண்றேன்."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய பெயரும் அந்த முப்பத்தெட்டில் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக அலைந்தேன். காற்றுக் குழாயின் இணைப்புகளில் தடவினால், கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். கம்ப்ரசர் உயிரைக் கொடுத்து அடைக்கிற காற்றில் கால்வாசி சும்மா ஊதிப் போய்க்கொண்டிருந்தது. "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, சோப்பு போடக் கத்துக்கிட்டான் பாரு" என்று பவுடர் கூண்டு அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடைத்ததில் ஒன்று புள்ளி ஒன்பது சதவீதம் மிச்சம். அடுப்பின் இரண்டு வாயிலும் சூடு கொட்டிப் போவதைத் தடுக்கத் தகரத்தை வெட்டி வைத்து இடைவெளியைக் குறுக்கினோம். அதில் மூன்று புள்ளி இரண்டு. சாப்பாட்டு வேளையில் ஒரு தட்டும் இல்லாமல் முழுச் சூட்டில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் தணித்து வைத்ததில் ஒன்று புள்ளி ஏழு. பிறகு கொக்கிகள். ஒட்டகம் அண்ணனும் அவரோடு நிற்பவர்களும் பேச்சு சுவாரஸ்யத்தில் அங்கங்கே கொக்கிகளை விட்டுவிடுவார்கள். காலியாகப் போகிற கொக்கிக்கும் அதே அடுப்பு, அதே விசிறி, அதே சங்கிலி. விடாமல் மாட்டச் சொன்னதில் புள்ளி எட்டு.

கூட்டினால் ஏழு புள்ளி ஆறு.

மேனேஜர் கால்குலேட்டரில் தானும் ஒருமுறை கூட்டினார். இயந்திரம் மனம் மாறுமா என்று பார்த்தார் போல. மாறவில்லை.

"இன்னும் எங்கேயாவது இருக்குமேப்பா. ஒரு அரை பர்சன்ட். எல்லாக் கொக்கியும் நெறையுதா?"

எனக்கு விடை தெரியும். இருநூற்றிருபதில் ஒன்று என்றால் புள்ளி நான்கு ஐந்து. நாலாம் வகுப்புக் கணக்கு.

"ஒண்ணு மட்டும் காலி சார்."

"அதையும் நெறச்சிடு." அந்தக் கொக்கி யாருடையது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கால்குலேட்டரை அணைத்து உறையில் போட்டார். "அண்ணிகிட்ட நீயே சொல்லிடுப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் சொல்லவில்லை. சொல்லாமலே செய்துவிட்டால் முதல் சுற்றோடு பழகிவிடும் என்று நினைத்தேன். ப்ராஜெக்ட் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற புத்தி.

"அண்ணே, இந்தச் சுத்துல அறுபத்தொண்ணுலயும் ஒண்ணு மாட்டுங்க" என்றேன் ஒட்டகம் அண்ணனிடம்.

அவர் கை நிற்கவில்லை. அறுபதில் மாட்டினார். அறுபத்தொன்று தலைக்கு மேலே வந்தது, விட்டார். அறுபத்திரண்டில் மாட்டினார்.

"நீயே மாட்டிக்கடா கரண்ட்டு. எங்கையால ஆகாது."

அடுத்த சுற்றில் நானே மாட்டினேன். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு அண்ணி நிற்கும் முனைக்குப் போய் ஒரு தூணோரம் நின்றேன். நாற்பது நிமிடம். அன்றைக்கு வெள்ளை நிறம். வெள்ளை வெள்ளையாகத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அறுபது வந்தது. அண்ணி கழற்றிவிட்டு வழக்கம்போல முந்தானையில் கையைத் துடைத்தாள்.

அறுபத்தொன்றில் தொங்கிய தட்டில் பெயின்ட் இல்லை.

ஒரு பொட்டு வெள்ளைகூட ஒட்டாமல், சூட்டில் லேசாகக் கருத்த வெறும் இரும்பாக, அத்தனை வெள்ளைக்கும் நடுவில் ஆடை இல்லாத ஆள் மாதிரி அது ஆடிக்கொண்டே வந்தது. அண்ணி அதைக் கழற்றினாள். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தட்டு அவள் தோளில் இடித்தது, அதற்கடுத்தது இடித்தது. யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனை நிறுத்தினார்கள்.

"யாரு இதுல மாட்டுனது?"

"நாந்தான் அண்ணி."

"பாத்தியா, அவரு ஒட்டவிடல" என்றாள் பவுடர் கூண்டு அக்கா பின்னாலிருந்து. வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவள், அன்றைக்குக் கேலியாகச் சொல்லவில்லை.

நான் விளக்கினேன். பவுடர் தட்டில் போய் ஒட்டுவது மின்சாரத்தால். தட்டு கொக்கியைத் தொட்டு, கொக்கி சங்கிலியைத் தொட்டு, சங்கிலி பூமியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஒட்டும். தட்டு தொங்கினால் கொக்கியில் அதிகம் பவுடர் படியாது. இந்தக் கொக்கி எட்டு மாதமாகக் காலியாகவே பவுடரில் குளித்து அடுப்பில் வெந்திருக்கிறது. மற்ற கொக்கிகளைச் சனிக்கிழமை சனிக்கிழமை இறக்கி அடித்துச் சுத்தம் செய்கிறார்கள், இதை யாரும் தொடவில்லை. பெயின்ட் மூடி மூடி இரும்பே தெரியவில்லை. அதனால் தொடர்பு அறுந்துபோயிற்று. அவ்வளவுதான்.

அத்தனையும் சரி. பாடப்புத்தகத்தில் உள்ளது. சொல்லி முடித்தபோது யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

அண்ணி அந்தத் தட்டைக் கழிவுப் பெட்டியில் போடாமல் தன் காலடியில் சாய்த்து வைத்துவிட்டு, "லைனைப் போடுங்க" என்றாள்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆறாவது நிறுத்தத்தில் கேட்டாள்:

"எவ்வளவு கொறையுது தம்பி?"

"புள்ளி நாலு."

"அது எங்கொக்கியா?"

"ஆமா அண்ணி."

"மத்ததெல்லாம் கெடச்சிருச்சா? சோப்பு போட்டியே, அது?"

"கெடச்சிருச்சு."

"உங்கண்ணன் இருந்தப்ப?"

"அப்ப ஒரு நாளைக்கு ஒரு சுத்துதான். கணக்குல வந்தே இருக்காது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உயிரோட இருந்தவரு சிக்கனமா இருந்திருக்காரு. நான்தான் ஒம்பது மடங்கு செலவு பண்ணியிருக்கேன்" என்றாள். சிரித்தாள் என்று முதலில் நினைத்தேன். தோள் குலுங்கினது நின்ற பிறகும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இறங்கும்போது சொன்னாள்: "எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? முப்பத்தெட்டுப் பேரு சோறு."

"கேக்கத் தெரியல அண்ணி."

"அதான் உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு எல்லாத்தையும் கம்பியில முறுக்கியே சொல்லணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சனிக்கிழமை நானே அடிச்சுச் சுத்தம் பண்றேன். வேற யாரும் கை வைக்க வேணாம்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு லைனை நிறுத்தி, கொக்கிகளை இறக்கினார்கள். ஒட்டகம் அண்ணனுக்கு ஏணி தேவையில்லை. எட்டி அறுபத்தொன்றைக் கழற்றினார். மற்றவை விரல் பருமன். இது மணிக்கட்டுப் பருமனில், சொரசொரவென்று, பாசி பிடித்த கொம்பு மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தால் இரும்புச் சத்தமே இல்லை. அண்ணி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரும்புக் கட்டைமேல் அதை வைத்து, சுத்தியலால் அடித்தாள்.

முதல் சில்லு வெள்ளை. அதன் விளிம்பில் பார்த்தால் வெள்ளைக்கு உள்ளே சிவப்பு, அதற்குள்ளே நீலம், மறுபடி வெள்ளை, மெல்லிய பச்சை என்று காகிதக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருந்தது.

"பச்சை எப்ப ஓடிச்சு?" என்றேன்.

"அத்தைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அந்த வாரம்." இன்னொரு அடி. "இந்த நீலம் பதினாலு நாள் ஓடிச்சு. உன் பரீட்சை நேரம். பஸ்ல படிச்சுக்கிட்டே தூங்கி எம்மேல சாஞ்ச." இன்னொரு அடி. கிட்டத்தட்ட அடியில் வந்த இன்னொரு சிவப்பு எதற்கென்று கேட்டேன், அவள் சுத்தியலை இன்னும் ஓங்கினாள். அண்ணனுக்காக எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நாட்களாக இருக்க வேண்டும்.

வளைவு முழுக்க இரும்பு தெரிந்துவிட்டது. கழுத்துப் பக்கம் ஒரு முண்டு மட்டும் விழாமல் நின்றது. இரண்டு தடவை பலமாக அடித்தாள். தோல் உரிந்த மாதிரி ஒரு துண்டு தெறித்தது. உள்ளே கம்பி.

ஒட்டகம் அண்ணன் குறடை நீட்டினார். "வேணாண்ணா" என்றாள்.

தட்டு செய்கிற அதே கம்பி. வெட்டி மிஞ்சினது. கொக்கியின் கழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியே இல்லாமல் சுற்றியிருந்தது. அண்ணி நகத்தால் ஒவ்வொரு சுற்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ ஓர் உருவம். கீழே தொங்காமல் கழுத்தோடு ஒட்டி, மேல்நோக்கிக் கட்டியிருந்தான். தொங்குகிறதா என்று பார்க்கிற கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. அதன்மேல் ஒட்டியிருந்த முதல் பூச்சு வெள்ளை. அண்ணன் போன அன்றைக்கு லைனில் ஓடிய நிறம்.

"நத்தை மாதிரி இருக்கு" என்றார் ஒட்டகம் அண்ணன்.

"செருப்பு" என்றேன் நான்.

சுத்தியல் பட்டு அது நசுங்கியிருந்தது. அண்ணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நத்தையோ, செருப்போ, காதோ, என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் அவளுக்குப் புரியாமல் வந்தது அது ஒன்றுதான்.

பிறகு கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரிக்காவிட்டால் கொக்கி சுத்தமாகாது. கொக்கி சுத்தமாகாவிட்டால் புள்ளி நான்கு வராது. இறுகி வெந்து கிடந்த கம்பி லேசில் வரவில்லை, விரல் நுனியில் ரத்தம் வந்தது. மற்ற இருநூற்றுப் பத்தொன்பது கொக்கிகளும் சங்கிலியில் ஏறிவிட்டன. மேனேஜர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"ஏழு சுத்து இருக்கு சார்."

அவர் கடிகாரத்தின்மேல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். லைன் அன்றைக்குப் பதினெட்டு நிமிடம் தாமதமாக ஓடத் தொடங்கியது. அவருடைய பதிவேட்டில் காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் "கொக்கி" என்று மட்டும் இருக்கிறது.

கடைசிச் சுற்றும் வந்த பிறகு அண்ணி கம்பியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கட்டத் தெரியாதுன்னு சொன்னேன்ல" என்றாள். "நல்லாத்தான் கட்டியிருக்காரு."

"அப்ப அண்ணன் கோவமா போகல அண்ணி" என்றேன். எட்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் கையிலேயே கிடைத்துவிட்டது, அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

"கோவமா இருந்தாருன்னு நெனச்சப்ப கொஞ்சம் சமாதானமா இருந்துச்சு தம்பி" என்றாள். "அவரும் கோவம், நானும் கோவம், அந்தக் கோவத்துலதான் நடிக்கிறாருன்னு சொல்லிட்டேன்னு. இப்ப நான் மட்டும்தானே?"

ஒட்டகம் அண்ணன் கொக்கியை வாங்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் மாட்டினார். சங்கிலி நகர்ந்தது. அவர் முதல் தட்டை மாட்டினார். அறுபத்தொன்று வந்தபோது அதிலும் மாட்டினார், இம்முறை அவர் கையாலேயே. அண்ணி எழுந்து முந்தானையைத் தட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தன் முனைக்குப் போனாள்.

நாற்பது நிமிடம் கழித்து அது வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு இடம்கூட விடாமல் ஒட்டியிருந்தது. அண்ணி கழற்றினாள், பெட்டியில் அடுக்கினாள். அடுத்ததைக் கழற்றினாள்.

கணக்கு எட்டு புள்ளி பூஜ்யம் ஐந்து என்று வந்தது. லைன் நிற்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு இன்னும் நான்கு சதவீதம் என்று தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. எனக்குப் ப்ராஜெக்டில் தொண்ணூற்றாறு மதிப்பெண். அறிக்கையில் பிழைக்கு ஆதாரமாகப் படம் ஒன்று இணைக்க வேண்டும் என்றதால், பெயின்ட் ஒட்டாமல் வந்த அந்த ஒரு தட்டைப் படமெடுக்க நினைத்தேன். அது தொழிற்சாலையில் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. துருப்பிடித்துக்கொண்டே வருகிறது. அண்ணி அதில்தான் பாத்திரம் கவிழ்க்கிறாள்.